மடியில் இருப்பது சாவிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதங்களில் ஓர் அன்பர், தெருவுக்குத் தெரு கேமரா வேண்டும், யார் போனை போலீஸ் ஒட்டுக்கேட்டாலும் தப்பில்லை, அந்தரங்க உரிமை என்று பேசுகிறவர்கள் ஏதோ மறைக்கிறவர்கள், மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று எழுதியிருந்தார். நான் செட்டிநாட்டில் ஓர் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் மெஷின் சூடாகிற நேரத்தில் பேப்பர் படிப்பேன், வந்து நிற்கிறவர்களுக்கும் சேர்த்து வாய்விட்டுத்தான் படிப்பது. அந்தக் கடைசி வரிக்கு நின்றிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் ஆட்டியிருப்பேன்.

என் கடை வாசலில் இரண்டு கேமரா இருக்கிறது. வியாபாரிகள் கூட்டத்தில் எல்லாரும் வைக்கலாம் என்று பேசினோம், சொந்தக் காசில் வைத்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் நன்மை இல்லை என்றும் சொல்லமாட்டேன். பென்ஷன் பணத்தோடு பையை என் கடைத் திண்டில் மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு பெரியவருக்கு, அதைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று அந்தக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. பணம் முழுசாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்புறம் ஒரு நாள் பக்கத்துத் தெருவில் சங்கிலிப் பறிப்பு. மறுநாள் மத்தியானம் சீருடையில் ஒருவர் வந்தார், தெரிந்த முகம்தான். "அண்ணே, டிவிஆர் பெட்டியைக் கழட்டிக் குடுங்க, பாத்துட்டுத் தர்றோம்" என்றார். கேமராப் பதிவெல்லாம் சேருகிற பெட்டி அது, கழற்றிக் கொடுத்தேன். நான் ஒரு சீட்டுக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. பறித்தவன் என் கேமராவில் விழவே இல்லை, அவன் வேறு பக்கம் ஓடியிருக்கிறான். பெட்டி திரும்பி வர நாலு நாள் ஆனது. மூன்றாம் நாளே ஊர் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் முப்பது நாற்பது விநாடி வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் கடைப் படி. புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வருகிற ஒரு கல்லூரிப் பெண், கூடப் படிக்கிற பையனோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே என்னென்ன எழுதினார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "உங்க கடைதானேண்ணே, தெரிஞ்ச இடம்னுதான் அனுப்புனோம்" என்றார், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, கையிலிருந்த ரேஷன் கார்டை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு காசையும் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் அந்தப் பெண் கல்லூரிக்குப் போகவில்லை. நான் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். "நாங்க யாருக்கும் அனுப்பலையே, உங்க கடைப் பசங்க யாராவது எடுத்திருப்பாங்க" என்று பதில் வந்தது. என் கடையில் வேலை பார்ப்பது நானும் என் மனைவியும்தான். சரி, நான் எதை வைத்து நிரூபிப்பேன்? பெட்டி போனதற்கும் சீட்டு இல்லை, வந்ததற்கும் சீட்டு இல்லை, நாலு நாளும் யார் மேசையில் இருந்தது, யார் பென் டிரைவைச் செருகினார் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. காகிதத்தில் பார்த்தால் அந்தப் பெட்டி என் கடையை விட்டு நகரவே இல்லை.

என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் முப்பது வருடம் கணக்கெழுதியவர். அந்த வீட்டிலிருந்து பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு ஒரு பித்தளை அண்டா இரவல் போனால்கூடச் சிட்டையில் ஏறும். யார் வாங்கினார், யார் சொல்லிக் கொடுத்தது, எந்தத் தேதி, திரும்பி வந்தது எப்போது, நசுங்கல் இருந்தால் அதுவும். இத்தனைக்கும் பெயர் வெட்டிய அண்டா, எங்கே போனாலும் யார் வீட்டுச் சாமான் என்று தெரிந்துவிடும். எதற்கு இவ்வளவு எழுத வேண்டும் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "நம்பிக்கை இல்லாம எழுதலப்பா, நாளைக்கு யார் மேலயும் சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு எழுதுறது" என்பார். அண்டாவுக்கு இருந்த மரியாதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு இல்லாமல் போனதே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடையில் இதைச் சொன்னால் சிலர் இன்னொன்று சொல்கிறார்கள்: அந்தரங்கம் என்பதே பட்டணத்துச் சரக்கு, கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு அது ஏது என்று. இதைச் செட்டிநாட்டில் நின்றுகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. அந்தப் பெரிய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்கள். முகப்பில் நின்றால் வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரைக்கும் நேர்கோட்டில் தெரியும். பங்காளிகள், பிள்ளைகள், மருமக்கள் என்று ஐம்பது அறுபது பேர் புழங்கிய வீடுகள். அப்படியும் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு, சாவி அந்தக் குடும்பத்துப் பெண்ணான ஆச்சியின் இடுப்பில். பிள்ளைக்குக் கல்யாணமாகி வேறு வைத்துவிட்டால் ஒரே கூரைக்குக் கீழேயே அடுப்பும் தனி, வரவு செலவும் தனி. அப்பா வேலை பார்த்த வீட்டில், மருமகள் ஊரில் இல்லாதபோது மாமியார் அந்த அறையைத் திறந்து அப்பா பார்த்ததே கிடையாதாம். மாமியாருக்கு மருமகள் மேல் சந்தேகம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும். ஆனாலும் திறக்கவில்லை.

ஆக, மடியில் கனம் என்கிறாரே அந்த அன்பர், ஆச்சிமார் மடியில் இருந்தது சாவிக்கொத்து. கனமான கொத்துதான். அது என்ன திருட்டுச் சாமானா?

(இன்னொரு வேடிக்கை. ஊரெல்லாம் வேவு என்றால் ஒளிந்திருந்து பார்ப்பது. நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள் வீட்டு விசேஷங்களில் வேவு என்றால் பெண் வீட்டிலிருந்து வரும் அரிசி, பருப்பு, காய்கறிச் சீர். நாலு பேர் பார்க்கக் கடகத்தில் வந்து இறங்கும். அரசாங்கத்துக்கு எந்த வேவு பிடிக்கும் என்று கேட்காதீர்கள்.)

தப்புச் செய்தவனைத்தானே பார்க்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். நம் தென் ஜில்லாக்களில் இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வெள்ளைக்காரன் 1871 இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். குறிப்பிட்ட சாதியில் பிறந்துவிட்டால் போதும், கைரேகை பதிய வேண்டும், ராத்திரி ஊரை விட்டு வெளியே போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். என்ன குற்றம் செய்தாய் என்ற கேள்வியே அங்கே கிடையாது. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைச் சுட்டார்கள். ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். 1947 இல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. அதே 1920 இல் கைதிகளின் விரல்ரேகை, கால்ரேகை எடுக்க இன்னொரு சட்டம் போட்டார்கள், அதற்கு ஆயுசு நூறு வருடத்துக்கு மேல். 2022 இல் அதை எடுத்துவிட்டு வைத்த புதுச் சட்டத்தில் கருவிழி, விழித்திரை வரைக்கும் பதியலாம், பதிந்ததை 75 வருடம் வைத்திருக்கலாம். விடுதலையானால் அழிக்க வழி இருக்கிறது என்கிறார்கள். அழித்தார்களா என்று அந்த ஆள் எங்கே போய்ப் பார்ப்பது?

சுதந்திரம் வந்த பிறகும் கதை உடனே மாறவில்லை. என் கடைக்கு வழக்குக் கட்டு நகலெடுக்க வருகிற வக்கீல் சார் ஒருவர் சொன்ன வழக்கு இது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941 இல் ஒரு கொள்ளை வழக்கில் சேர்த்தார்கள், சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்டார்களே தவிர, அவர் பெயரில் போலீஸ் ஒரு சரித்திரப் பதிவேடு திறந்து வைத்துக்கொண்டு ராத்திரியில் வந்து கதவைத் தட்டும், வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்கும், எங்கே போகிறார் வருகிறார் என்று குறித்துக்கொள்ளும். 1962 இல் உச்ச நீதிமன்றம் ராத்திரி வந்து கதவைத் தட்டுவது மட்டும் கூடாது என்றது, பின்தொடர்வதில் தப்பில்லை, அந்தரங்கம் என்று ஓர் உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை என்றும் சொல்லிவிட்டது. நீதிபதி சுப்பா ராவ் மாத்திரம் மாறுபட்டு, ஆளைப் பின்னாலேயே தொடர்ந்தால் அவன் சுதந்திரமாக நடமாடுகிறான் என்று எப்படிச் சொல்வது என்கிற மாதிரி எழுதினார், ஷா என்ற நீதிபதி அவரோடு சேர்ந்துகொண்டார்.

நடுவில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, 1994 இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது: என்னை என் பாட்டுக்கு விடு என்று கேட்கிற உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, அதே சமயம் அதிகாரிகள் தங்கள் உத்தியோக நடத்தையை அந்தச் சாக்கில் மறைக்க முடியாது. இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்புறம் ஆதார் வந்தது. 86 வயதில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012 இல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2015 இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞரே நீதிமன்றத்தில் எழுந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே கிடையாது என்று கரக் சிங் வழக்கு மாதிரியான பழைய தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார். அதனாலேயே ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டி வந்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: உண்டு, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21 ஆம் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்று. வக்கீல் சாருக்காக அந்தத் தீர்ப்பை நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். 547 பக்கம். முன்னும் பின்னும் அடித்தும் 274 தாள், டோனர் பாதி காலி. எனக்கு அதில் புரிந்தது அவர் சொன்ன மூன்று கேள்விதான். எட்டிப் பார்க்க ஒரு சட்டம் இருக்கிறதா, நியாயமான காரணம் இருக்கிறதா, அந்தக் காரணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பார்க்கிறாயா. என் டிவிஆர் பெட்டிக்கு முதல் கேள்வியிலேயே பதில் இல்லை.

போன் ஒட்டுக்கேட்பதற்கு மட்டும் சட்டம் பழையது, 1885 ஆம் வருடத்துத் தந்திச் சட்டம். பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால்தான் கேட்கலாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பதிலாக 2023 இல் வந்த புதுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் ஏறக்குறைய அதே வாசகம்தான். 1996 இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வரம்பு கட்டியது. உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது, போட்ட உத்தரவை ஒரு குழு சரிபார்க்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு செயலாளர், சரிபார்க்கிற குழுவில் இருப்பவர்களும் செயலாளர்கள். கணக்குப்பிள்ளை எழுதிய கணக்கை அடுத்த கணக்குப்பிள்ளை பார்த்துச் சரி என்று சொல்கிற மாதிரி. என் அப்பா நேர்மையானவர்தான், ஆனாலும் வருஷம் முடிந்தால் முதலாளியே உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பார், அதில் அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இங்கே முதலாளி யார்? நாம்தானே, நமக்காக ஒரு நீதிபதியாவது பார்க்க வேண்டாமா?

அந்தக் குழுவுக்குக்கூட வைக்காமல் ஒட்டுக்கேட்ட கதையும் உண்டு. லஞ்ச வழக்கு ஒன்றுக்காக 2011 இல் ஒன்றிய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது நெருக்கடியும் பொதுப் பாதுகாப்பும் சாதாரண ஆளுக்கே கண்ணுக்குத் தெரிகிற நிலைமைகளாக இருக்க வேண்டும், குற்றம் கண்டுபிடிக்கிறோம் என்று ரகசியமாகக் கேட்பது அதில் அடங்காது, பதிவுகளை மறுஆய்வுக் குழு முன் வைக்கவும் இல்லை என்பது தீர்ப்பு. லஞ்சம் வாங்குகிறவனுக்கு இது சாதகம்தானே என்று என்னிடமே ஒருவர் கோபப்பட்டார். எனக்கும் லஞ்சம் வாங்குகிறவன் மேல் ஆசை இல்லை. ஆனால் 2011 இல் போட்ட உத்தரவு தப்பு என்று தெரிய 2025 ஆகியிருக்கிறது, அதுவும் அந்த ஆள் மேல் வழக்குப் போட்டதால் தெரிந்தது. வழக்கே போடாமல் கேட்டுவிட்டு விட்டுவிட்டால்? நம் நாட்டில் உன் போனை இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கேட்டோம் என்று முடிந்த பிறகாவது சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கிடையாது. என் மனசில் படுகிற பெரிய ஓட்டை இதுதான். நடக்கும்போது சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். முடிந்து ஒரு வருடம் கழித்தாவது ஒரு தபால் அட்டை போடலாமே.

போனுக்குள் புகுந்து வேவு பார்க்கிற பெகாசஸ் என்ற மென்பொருள் விவகாரத்தில் 29 போன்களைச் சோதித்து ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருக்கிறது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவும் இல்லை என்று 2022 இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு சொன்னதாகப் படித்தோம். அதோடு அந்தப் பேச்சு அடங்கிப்போனது. நீதிபதிகள் அமைத்த குழுவுக்கே பதில் இல்லை என்றால் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு நிலையத்தில் என்ன பதில் கிடைக்கும்.

ஆதாரைப் பற்றி ஜெராக்ஸ் கடைக்காரன் பேசாமல் இருக்க முடியாது. என் குப்பைக் கூடையில் தினமும் சாய்ந்து அச்சான, பாதி இருட்டாய் விழுந்த ஆதார் நகல்கள் கிடக்கும், ஒரு காலத்தில் அவற்றைக் கிலோக் கணக்கில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருக்கிறேன். ஒரு நாள் வடை வாங்கிப் பிரித்தால் உள்ளே என் மெஷின் கோடு விழுந்த ஆதார் நகல், எண் முழுசாகத் தெரிகிறது. அன்றிலிருந்து கிழித்துப் போடுகிறேன். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களாம். என் வியாபாரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் முதலில் சொன்னதுதான் சரி என்பது வடைக்கடைக்கே தெரியும்.

கடைசியாக 2023 இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நமக்கு ஒரு பூட்டுக் கிடைத்தது என்று நினைத்தேன். தனியார் கம்பெனிக்காரன் நம் விவரத்தைச் சிந்தவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, நல்ல விஷயம். ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி ஒன்றிய அரசு தன் எந்த அமைப்புக்கும் முழு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்திலேயே வாசல் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு அதே சட்டத்தின் 44 ஆம் பிரிவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிப்பட்ட விவரம் என்று சொல்லி அதிகாரிகள் கைவிரிப்பதைச் சுலபமாக்கிவிட்டார்கள். 1994 தீர்ப்பின் இரண்டாவது பாதியை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். அந்தரங்கம் என்ற சொல்லை நம்மிடமிருந்து வாங்கி அவர்கள் போர்த்திக்கொண்டார்கள்.

குண்டு வைக்கிறவனையும் குழந்தை கடத்துகிறவனையும் பிடிக்க வேண்டாமா என்று போன வாரம் எழுதிய அன்பர் கேட்பார். பிடிக்க வேண்டும். கேமராவைக் கழற்றி எறியச் சொல்லவில்லை, என் கடையில் இன்னும் இருக்கிறது. நான் கேட்பது ஒரு சிட்டை. யார் கேட்டார், எந்த வழக்குக்கு, எந்த நேரத்துப் பதிவு, எப்போது திரும்பத் தருவார், பிரதி எடுத்தால் அது எங்கே போனது.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாமாம். வக்கீல் சார் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 94 ஆம் பிரிவைக் காட்டினார். ஆவணமோ மின்னணுப் பதிவோ கருவியோ வேண்டுமென்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவு கொடுத்துக் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இது 91 ஆம் பிரிவாம், அதிலும் எழுத்து மூலம்தான். ஆக, அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். கேட்காதது என் தப்பு, அதை அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொல்லியும்விட்டேன். அவர் "பரவால்லண்ணே" என்றார்.

இப்போது கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறேன். அப்பாவின் சிட்டை மாதிரியே கோடு கிழித்து வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் இரண்டு முறை பதிவு கேட்டு வந்தார்கள். முதலில் வந்தவர் நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்னண்ணே, எங்க மேலயேவா" என்று கிளம்பிப் போனார், திரும்ப வரவில்லை. இரண்டாவதாக வந்த ஒரு இளவயசு எஸ்.ஐ. உத்தரவுக் கடிதம் கொண்டுவந்தார், வேண்டிய இருபது நிமிடத்தை மட்டும் என் எதிரிலேயே பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, நோட்டில் பெயர், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மொத்தம் கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

என் பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் தெரிந்தால் கடை தெரிந்துவிடும், கடை தெரிந்தால் அந்தப் பெண் யார் என்று மறுபடியும் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
செட்டிநாடு.